இன்ஜின் கரண்டி

பித்தளைத் துண்டு ஒன்றை வியர்வை ஊறும்வரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்துவிட்டு, பிறகு கையை முகர்ந்து பார்த்தால் ஒரு வாசனை வரும். புளிப்பிலும் சேராமல் கசப்பிலும் சேராமல் நேராக நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. பாத்திரக் கடை வாசலிலோ கோயில் மணிக்குப் பக்கத்திலோ அது மூக்கில் படும்போது மற்றவர்களுக்குப் பசியோ பக்தியோ வரலாம். எனக்கு வெட்கம் வரும். ஏனென்றால், ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நான் ஒரு ரயில் இன்ஜினைத் திருடினேன். முழு இன்ஜினையும் அல்ல. அவ்வளவு பெரிய பை என்னிடம் இல்லை. அதிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டை மட்டும்தான். அந்த ஒரு சாண் இல்லாவிட்டால் மீதியுள்ள நூறு டன்னும் தண்டவாளத்தின் மேல் எழுப்பிய கட்டடத்துக்குச் சமம் என்பதைத் திருடிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதுகிறவள், தார்நாகாவில் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காரைப் பின்னுக்கு எடுக்க இன்றுவரை வாட்ச்மேனையே நம்பியிருப்பவள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும், என்று கையை அசைத்துக்கொண்டே இருப்பார், தூண் வந்துவிடும். ரிவர்ஸ் என்ற சொல்லோடு எனக்கிருக்கும் பகை அத்தனை பழையது.

அப்போது நாங்கள் மல்காஜ்கிரியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் கொடி, கொடிக்குப் பின்னால் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் யார்டு. அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தவர். அந்த யார்டில் ஷண்டராக இருந்தார். ஊர் ஊராக ரயிலை ஓட்டிப் போகிறவர் டிரைவர். அந்த ரயிலுக்கு வேண்டிய பெட்டிகளை இழுத்து, தள்ளி, பிரித்து, சேர்த்து, பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கொடுப்பவர் ஷண்டர். முன்னால் கொஞ்சம் போக வேண்டும், நிற்க வேண்டும், பின்னால் கொஞ்சம் வர வேண்டும், நிற்க வேண்டும், மறுபடியும் முன்னால். அம்மா கொடியில் துணியை உதறிக்கொண்டே சொல்வாள்: "ஒங்கப்பா தெனமும் நூறு மைல் போறாரு. ஆனா நம்ம வீட்டுப் பின்வாசலத் தாண்டுனதில்ல."

அப்பாவுக்கு அது வலித்திருக்க வேண்டும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். அந்த வருடம் சரக்கு ரயில் டிரைவருக்கான "செலக்‌ஷன்" வந்திருந்தது. எழுத்துத் தேர்வு முடிந்து, மேலதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய தேர்வு பாக்கி. அதில் தேறினால் பின்வாசலைத் தாண்டலாம்; காசிப்பேட்டை வரை, அதற்கும் அப்பால் போகலாம். வீட்டில் எல்லாமே அந்தத் தேர்வுக்குக் கட்டுப்பட்டிருந்தன. ரேடியோவின் சத்தம் குறைந்தது. நான் சத்தம் போட்டால், "செலக்‌ஷன் வருது, தெரியும்லா?" என்று அம்மா அதட்டுவாள், யாரோ கண்டிப்பான பெரியப்பா வருவதுபோல.

இனி அந்தப் பித்தளைத் துண்டு. அதன் பெயர் ரிவர்சர் ஹேண்டில். டீசல் இன்ஜினில் டிரைவருக்கு முன்னால் ஓர் இரும்பு மேசை மாதிரி நிற்கும். அதில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பெரிய கைப்பிடி இருக்கும். அது எப்போதும் அங்கேயே இருப்பது. அதற்குக் கீழே ஒரு துளை. ரிவர்சர் ஹேண்டிலை அந்தத் துளையில் செருகி ஒரு பக்கம் தள்ளினால் இன்ஜின் முன்னால் போகத் தயார். மறுபக்கம் தள்ளினால் பின்னால். நடுவில் நிறுத்தினால் எந்தப் பக்கமும் இல்லை. நடுவில் இருக்கும்போது மட்டும்தான் அதை வெளியே உருவ முடியும். உருவிவிட்டால் மேலே உள்ள பெரிய கைப்பிடியும் பூட்டிக்கொள்ளும். யார் ஏறி என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இன்ஜின் நகராது. அதனால் ஷண்டர் இன்ஜினை விட்டு இறங்கினால் ஹேண்டிலும் கூடவே இறங்க வேண்டும் என்பது சட்டம்.

அப்பா மதியச் சாப்பாட்டுக்கு இறங்குவார். உதவியாளர் யாதகிரி இன்ஜினிலேயே இருந்து தன் டப்பாவைத் திறப்பார். அப்பா வேலியின் சந்து வழியாக வீட்டுக்கு வருவார், காக்கிப் பைக்குள் ஹேண்டிலோடு. முனையில் சற்று அகன்று, நடுவில் மெலிந்து இருந்ததால் அம்மா அதற்கு "இன்ஜின் கரண்டி" என்று பெயர் வைத்திருந்தாள். பை அடுக்களை அலமாரியில், உப்பு ஜாடிக்கும் இஞ்சி இடிக்கும் குட்டி உரலுக்கும் நடுவில் உட்காரும். அப்பா சாப்பிட்டு முடிக்கும் அரைமணி நேரமும் யார்டு நம் அலமாரியில் இருக்கிறது என்ற நினைப்பே எனக்குத் தாங்காது. வேலிக்கு அப்பால் இன்ஜின் கொர்ர்ரென்று முனகிக்கொண்டு நிற்கும். இத்தனை பெரிய மிருகம், அதன் மனசு இங்கே உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.

அந்தக் காலத்தில் நீராவி இன்ஜின்களும் யார்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தன. அவற்றில் திசையை மாற்றுவது என்றால் ஒரு பெரிய திருகுச் சக்கரத்தைத் தோள் கழன்றுவிடும்போலச் சுற்ற வேண்டும். டிரைவரின் முதுகு வளைவதை வேலிக்கு இப்பாலிருந்தே பார்க்கலாம். அங்கே நடப்பதும் ஓர் அதிசயம்தான் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்தது. பிஸ்டன் எப்படியும் முன்னும் பின்னும்தான் போய் வரும், அதற்கு வேறு வேலை கிடையாது. அதன் எந்தப் பக்கம் எப்போது நீராவியை விடுவது என்ற அந்தக் கணத்தைத்தான் சக்கரம் மாற்றுகிறது. கணத்தை மாற்றினால் திசை மாறிவிடுகிறது.

டீசலில் என்ன நடக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உள்ள இன்ஜின் ஒண்ணு சுத்துதுல்லா? கரண்டியப் பின்னால தள்ளுனா அது அப்படியே எதுத்தாப்புல சுத்தும். அவ்வளவுதான்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த முனகல், அந்த அதிர்வு, அடுக்களைத் தம்ளர்களை நடுங்க வைக்கிற அந்தப் பலம் எல்லாம் அப்பாவின் இரண்டு விரலுக்குப் பயந்து ஒரு நொடியில் தலைகீழாகச் சுற்றத் தொடங்குகிறது! இதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

வகுப்பில் வசுந்தரா என்று ஒருத்தி. அவளுடைய அப்பா தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி. அவள் பள்ளிக்கு ரிக்‌ஷாவில் வருவாள். ஜாமெட்ரி பாக்ஸில் கவராயத்தின் முனை இன்னும் கூராக இருந்த ஒரே ஆள் அவள்தான். ஒரு நாள் இடைவேளையில் என் அப்பாவின் பெருமையை நான் அவிழ்த்துவிட, அவள் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து அமைதியாகக் கேட்டாள்: எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கே ரிவர்ஸ் கிடையாது, இறங்கித் தள்ளுகிறார் அப்பா; அவ்வளவு பெரிய இன்ஜின் உள்ளேயே தலைகீழாகச் சுற்றும் என்று உனக்கு யார் சொன்னது? "மா நான்னா" என்றேன். என் அப்பா. "பார்த்தாயா நீ?" என்றாள். பார்க்கவில்லை. "அந்த ஹேண்டிலையாவது பார்த்திருக்கிறாயா?" அது எங்கள் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்றேன். வகுப்பே சிரித்தது. உண்மை சில சமயம் அப்படித்தான், சொல்லும்போது பொய்யைவிடக் கேவலமாக ஒலிக்கும்.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த நான், அப்பா கை கழுவப் போன நேரத்தில், காக்கிப் பைக்குள் கையை விட்டு ஹேண்டிலை எடுத்தேன். பை மெலிந்து தொங்கியது. அவர் தூக்கும்போது கனம் தெரியாவிட்டால் மாட்டிக்கொள்வேன் என்கிற அளவுக்கு மூளை வேலை செய்தது. பக்கத்திலேயே குட்டி உரல். அதன் உலக்கையும் பித்தளை, ஏறக்குறைய அதே நீளம், அதே கனம். அம்மாவைப் பெற்றவள் கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பியது. அதை எடுத்துப் பைக்குள் போட்டேன். பை பழையபடி தொங்கியது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, ஹேண்டிலைப் புத்தகப் பையில் தெலுங்குப் பாடப் புத்தகத்துக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவில் செருகி, ஓட்டமாகப் பள்ளிக்கு ஓடினேன்.

நான் போட்ட கணக்கு இதுதான்: வசுந்தராவிடம் ஒரு நிமிடம் காட்ட வேண்டும், பெல் அடிப்பதற்குள் வேலிக்குப் போய் யாதகிரியிடம் கொடுத்துவிட வேண்டும். பத்து வயதின் கணக்குகளில் நேரம் எப்போதும் ரப்பர்.

பின்வரிசை பெஞ்சில் ஹேண்டிலை வைத்தேன். ஏழெட்டுத் தலைகள் குனிந்தன. ஒரு கணம் நான் ரயில்வே மந்திரியாக இருந்தேன். வசுந்தரா அதைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இதில் எது முன்னால்? எது பின்னால்?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. எழுத்து இல்லை, அம்பு இல்லை, புள்ளி கூட இல்லை. அத்தனை நாளும் அதற்குள் திசை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்; அது ஊமையாக என் கையில் கிடந்தது. "கரண்டி மாதிரி இருக்கு" என்றாள் இன்னொருத்தி. அம்மா வைத்த பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று வியக்கும் நிலையில் நான் இல்லை. பெல் அடித்துவிட்டது. டீச்சர் உள்ளே வந்துவிட்டார். ஹேண்டில் என் மடியில், வியர்க்கும் கைக்குள்.

அதே நேரத்தில் யார்டில் என்ன நடந்தது என்பதை யாதகிரி பல வருடம் பலரிடம் நடித்துக் காட்டியிருக்கிறார். அப்பா இன்ஜினில் ஏறினார். பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பெட்டிகள் பின்னால் கோக்கப்பட்டுத் தயாராக இருந்தன. பச்சைக் கொடி அசைந்தது. அப்பா துளையைப் பார்க்காமலே, பழக்கத்தில், பைக்குள் கையை விட்டு எடுத்ததைச் செருகினார். உள்ளே போகவில்லை. மறுபடி செருகினார். குனிந்து பார்த்தார். கையில் இஞ்சி உலக்கை. அதன் நுனியில் நேற்றைய இஞ்சி நார். யாதகிரி சொல்வார்: "சார் அதை முகர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், சார், சாயா போடலாம், வண்டி போட முடியாது."

அன்றைக்கு யார்டில் வேறு இன்ஜின் இல்லை. இன்னொன்று எண்ணெய் போடப் போயிருந்தது. ஷெட்டிலிருந்து வேறு ஹேண்டில் வாங்கலாம். ஆனால் வாங்க வேண்டும் என்றால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். செலக்‌ஷன் நேரத்தில், 'என் ஹேண்டிலைக் காணோம், அதற்குப் பதில் உலக்கை இருக்கிறது' என்று எந்த ஷண்டர் எழுதுவான்? யாதகிரி சைக்கிளில் எங்கள் வீட்டுக்குப் பறந்தார். அம்மா அலமாரியைப் பார்த்தாள். உலக்கை இல்லாத உரலைப் பார்த்தாள். பள்ளி இருக்கும் திசையில் கையைக் காட்டினாள்.

வகுப்பு வாசலில் எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டையோடு யாதகிரி வந்து நின்றதும் டீச்சர் மிரண்டுவிட்டார். யாதகிரிக்குத் தமிழ் என் அப்பாவிடமிருந்து வந்தது. ஆகவே அது தக்கணி உருது கலந்த திருநெல்வேலித் தமிழ். "ஏட்டி பாப்பா, கைக்கு எடுத்தே? பாஹர் ஆவ். அங்ஙன வண்டி நிக்கி!" என்றார்; ஏன் எடுத்தாய், வெளியே வா என்று அர்த்தம். வகுப்பில் அது புரியாதவர்களும் புரிந்தவர்கள்போலச் சிரித்தார்கள். அவர் ஹேண்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நான் அழுதுகொண்டு அதை விடமாட்டேன் என்றேன். நானே கொடுக்க வேண்டும் என்று ஏதோ வீம்பு. "நக்கோ, நக்கோ", வேண்டாம் வேண்டாம், என்று ஒரு தடவை பிடுங்கிப் பார்த்தார், பிறகு நேரம் போகிறதென்று என்னையும் சேர்த்தே கேரியரில் தூக்கி வைத்தார்.

பக்கத்தில் போனால் இன்ஜின் இன்ஜினாகத் தெரியாது. ஒரு சூடான சுவர்தான் தெரியும். அது மூச்சு விடுவது முகத்தில் அடித்தது. மேலே வாசலில் அப்பா, ஒரு கையில் உலக்கை. பிளாட்பாரத்துப் பக்கமிருந்து யார்டு மாஸ்டர் கத்திக்கொண்டே வந்தார்: "கியா ஹோ கயா? என்ன ஆச்சு? வண்டி பிளேஸ் ஆகல, பாசஞ்சர் எல்லாம் என் தலைல ஏறுறான்! மெமோ கொடுப்பேன், மெமோ!" அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடினேன். "இங்ஙன லைன்ல தனியா நிக்கப்படாது. ஏறு" என்றார்.

ஏறினேன். தரை நடுங்கிக்கொண்டிருந்தது, செருப்பு வழியாக முழங்கால்வரை ஏறும் ஒரே சீரான நடுக்கம். அப்பா உலக்கையை ஜன்னலோரம் வைத்துவிட்டு என் கையிலிருந்து ஹேண்டிலை வாங்கினார். என் வியர்வையில் அது நழுவியது. சட்டையில் ஒருமுறை துடைத்தார். துளையில் வைத்தார். 'ணங்' என்று உட்கார்ந்தது, அதற்காகவே செய்த இடத்தில் உட்கார்கிற சத்தம். அப்போதுதான் பார்த்தேன்: முன், பின் என்ற எழுத்துகள் ஹேண்டிலில் இல்லை, துளையைச் சுற்றியிருந்த தகட்டில் இருந்தன. கையோடு கொண்டுவந்தது வெறும் பித்தளை. இடம்தான் அதற்குத் திசையைக் கொடுத்தது.

அப்பா இரண்டு விரலால் அதைப் பின்பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், கதவுத் தாழ்ப்பாளுக்குக்கூட அதைவிட அதிகம் பலம் வேண்டும். எங்கள் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரிக்குள் 'டஸ்ஸ்' என்று காற்று சீறியது, ஏதோ கனமான ஒன்று புரண்டு படுப்பதுபோல 'தடக்' என்றது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இப்போது இன்ஜின் நின்று, எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்க வேண்டுமே? முனகல் மாறவில்லை. ஒரு இழைகூட மாறவில்லை. அதே சீர், அதே நடுக்கம். ஒன்றுமே நடக்கவில்லையோ என்று நினைத்த நேரத்தில் அப்பா பெரிய கைப்பிடியை ஒரு படி நகர்த்தினார். ஜன்னலுக்கு வெளியே சிக்னல் கம்பம் மெல்ல, மிக மெல்ல, தப்பான பக்கம் போகத் தொடங்கியது. கம்பத்துக்குப் பின் எங்கள் வீடு, கொடி, கொடியில் என் பாவாடை, வேலியில் கை வைத்து நின்ற அம்மா எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. பெட்டிகள் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு விழித்துக்கொண்ட சத்தம் கடைசிவரை ஓடிப்போயிற்று. நூறு டன்னும் அதன் பின்னால் இன்னும் எத்தனையோ டன்னும் இரண்டு விரல் சொன்ன பக்கம் போய்க்கொண்டிருந்தன. நான் அழுவதை நிறுத்தியது எனக்கே தெரியவில்லை. வாய் திறந்திருந்தது, அதில் டீசல் புகை போனதை இரவுச் சாப்பாட்டில் உணர்ந்தேன்.

பெட்டிகள் பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது தாமதமாகத்தான். சாயங்காலம் வீட்டில் அப்பா அம்மாவிடம், "மெமோ வரும்போல" என்று ஒருமுறை சொன்னார். என்னை யாரும் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் வசுந்தரா என்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தாள். அவளுடைய அப்பா இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருந்தார். டீசல் ரயிலில் இன்ஜின் எப்போதும் ஒரே பக்கம்தான் சுற்றும். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதற்குத் தெரியாது. அது மின்சாரத்தை மட்டும் உண்டாக்கிக் கொடுக்கிறது. சக்கரங்களோடு சேர்ந்த மோட்டார்களின் இணைப்பை மாற்றினால் அவைதான் எதிர்ப்பக்கம் சுற்றுகின்றன. கீழே அழகாக ஒரு படம், அம்புக்குறிகளோடு. "உன் நான்னாவிடம் காட்டு" என்றாள். அவள் குரலில் கேலியே இல்லை. இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

அந்த முனகல் மாறாததை நான் என் காதால் கேட்டிருந்தேன். அது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்கு நான் செய்த கெடுதல் போதாதென்று, ஸ்கூட்டரை இறங்கித் தள்ளுகிற ஒருவர் அவரைத் திருத்தும் காகிதத்தை வேறு கொண்டுபோய்க் கொடுப்பதா? வீட்டுக்கு வரும் வழியில் அதைக் கப்பலாக மடித்துச் சாக்கடையில் விட்டேன். கப்பல் முன்னால்தான் போயிற்று.

சில மாதம் கழித்து செலக்‌ஷன் பட்டியல் வந்தது. அப்பாவின் பெயர் இல்லை. "போச்சு" என்றாள் அம்மா. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பின்வாசலில் போய் நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்டில், உலக்கை, மெமோ, பட்டியல் என்று நான் ஒரு ரயில் கோத்துக்கொண்டேன், இன்ஜினாக என்னையே மாட்டி. அந்த ஒரு வருடம் நான் இருந்த அளவுக்கு நல்ல பிள்ளையாக மல்காஜ்கிரியில் யாரும் இருந்ததில்லை. சொல்லாமலே தண்ணீர் பிடித்தேன், சொல்லாமலே படித்தேன். காய்ச்சல் இருக்குமோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வருடம் அப்பா தேறி, சரக்கு ரயில் டிரைவராகிப் பின்வாசலைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகும் நான் ஒரு வருடத்தைத் திருடியவள்தான் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்காத கேள்விக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று.

பல வருடம் கழித்து, அபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடைகளில், அட்டை கிழிந்த டீசல் இன்ஜின் புத்தகம் ஒன்று கிடைத்தது. கதைப் புத்தகம்போல அதைப் படித்து முடித்தேன். அந்த 'டஸ்ஸ்' என்ன என்று அப்போது புரிந்தது: ஹேண்டில் செய்வது ஒரு சின்ன மின் சைகை மட்டும், அது ஒரு வால்வைத் திறக்கிறது, அழுத்தக் காற்று ஓர் உருளையைப் புரட்டுகிறது, உருளை புரண்டதும் மோட்டாருக்குள் ஒரு சுருளில் மின்சாரம் மறுவழியாக நுழைகிறது, இரண்டு சுருள்களில் ஒன்றுக்கு மட்டும் வழியை மாற்றினால் போதும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், இரண்டுக்கும் சேர்த்து மாற்றினால் பழையபடியே சுற்றும். இத்தனையும் நடக்கும்போது நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெரிய இன்ஜின் தன்பாட்டுக்கு ஒரே பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது, தான் சுமப்பது எந்த ஊருக்குப் போகிறது என்ற கவலையே இல்லாமல். எனக்கு மறுபடியும் பத்து வயதாகி, வாய் திறந்துகொண்டது. பலத்துக்குத் திசை தெரிய வேண்டியதில்லை. திசைக்குப் பலம் வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியே வைத்தவன் யாரோ, அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று தோன்றியது.

போன மாதம் ஒரு ரயில்வே அலுவலகத்தின் வாசலில் பழைய டீசல் இன்ஜின் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருப்பதைப் பார்த்தேன். சுற்றிலும் புல்தரை, பூச்செடி, கல்யாணப் பெண் மாதிரி புதுப் பெயின்ட். காவலாளியிடம் கெஞ்சி ஏறினேன். அந்த இரும்பு மேசை இருந்தது, பெரிய கைப்பிடி இருந்தது. கீழே, துளை இருந்த இடத்தில் மூடி போட்டு அதன் மேலும் பெயின்ட் அடித்திருந்தார்கள். முன், பின் என்ற எழுத்துகளும் பெயின்டுக்கு அடியில். செருப்புக்கடியில் நடுக்கம் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வேலிச் சந்தும் இப்போது இல்லை, அங்கே மதில். யாதகிரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். புது இன்ஜின்களில் கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றையும் கேட்டுச் செய்கிறதாம்; உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அதை யாரும் வைக்க மாட்டார்கள்.

அன்று நேராக மல்காஜ்கிரிக்கு, அப்பாவிடம் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காதில் கருவி. அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்: "அப்பா, அந்த வருசம் செலக்‌ஷன் போனது என்னாலதானே? அந்த மெமோவாலதானே?"

"எந்த மெமோ?" என்றார். "அவன் எங்க மெமோ குடுத்தான்? மறுநாள் ஒலக்கக் கதையக் கேட்டுட்டுச் சிரிச்சுச் சிரிச்சு அவனுக்குப் பொரையேறிட்டு. அதோட முடிஞ்சு போச்சு அது."

"அப்ப பட்டியல்ல பேர் ஏன் இல்ல?"

அவர் கீரைக் கட்டிலிருந்து ஒரு தண்டை உருவினார். "கேள்வி கேட்டாங்கட்டீ. வண்டி பின்னால போகயில உள்ள இன்ஜின் எந்தப் பக்கம் சுத்தும்னு ஒருத்தன் கேட்டான். எதுத்தாப்புல சுத்தும்னேன். ரூமே சிரிச்சுட்டு. போகலாம்னுட்டான்."

எனக்குச் சாக்கடையில் போன கப்பல் தெரிந்தது, அம்புக்குறிகளோடு. நாற்பது வருடமாக நான் தப்பான குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்திருக்கிறேன். சரியான குற்றம் இதோ, இப்போதுதான் கையில் கிடைக்கிறது. அந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். விடையே கைக்கு வந்திருந்தது அப்பா, நான்தான் கப்பல் விட்டேன் என்றேன்.

அப்பா கருவியைச் சரிசெய்துகொண்டு, "நீ காட்டியிருந்தா மட்டும் நான் நம்பியிருப்பேனாக்கும்?" என்றார். "ஸ்கூட்டர எறங்கித் தள்ளுதவன் இன்ஜினப் பத்தி எனக்குச் சொல்லுதானாக்கும்னு நானே கிழிச்சிருப்பேன். போ."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கீரைக் காம்பை முறித்துப் போட்டுவிட்டு, அத்தனை நேரம் எங்கள் இருவர் பேச்சிலும் சிக்காத ஒன்றைக் கேட்டாள்:

"அதெல்லாம் கெடக்கட்டும். ஜன்னலோரம் வச்ச எங்கம்மா ஒலக்கைய இத்தன வருசத்துல ரெண்டு பேர்ல யாருட்டீ திருப்பி எடுத்தாந்தீங்க?"